மூன்றாம் பக்கத்துப் பள்ளம்

அந்த நாளிதழ் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'பழசு'. வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் உண்டு. அதை அவரே எழுதும்போதுதான் நினைவுக்கு வரும். மாடிப்படிக்குக் கீழே, பழைய பத்திரிகைகளை வருடவாரியாகத் தைத்து அடுக்கி வைத்திருக்கும் அறைக்கு அவர் பொறுப்பு. தினமும் ஒரு தொகுப்பைத் தூசு தட்டி எடுத்து, 'முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பு இன்று' என்ற பகுதிக்கு நாலைந்து செய்திகள் எடுத்துக் கொடுப்பார். நாற்பது ஆண்டுகள் என்று வைக்கத்தான் நிர்வாகத்துக்கு ஆசை. முப்பத்தெட்டுக்கு முந்தைய இரண்டு வருடங்களைக் கரையான் படித்து முடித்திருந்தது.

அந்த அறைமேல் விளம்பரப் பிரிவுக்கு வெகுநாளாக ஒரு கண். பழைய தாளையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டு அங்கே ஏசி வைத்து உட்கார வேண்டும் என்று கடிதம் மேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். "ஏதாவது ஒரு தப்பு நடக்கட்டும், பாத்துக்கலாம்" என்று ஆசிரியர் இரு தரப்பையும் சமாதானப்படுத்தி வைத்திருந்தார்.

தப்பு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நடந்தது. மூன்றாம் பக்கத்தில் வர வேண்டிய மெத்தை விளம்பரம் கடைசி நிமிஷத்தில் நின்றுபோனது. பக்கம் அமைப்பவர், அவரை எல்லோரும் 'அவசரம்' என்று கூப்பிடுவார்கள், எட்டாம் பக்கத்திலிருந்த பழசின் பகுதியைத் தூக்கி அந்த இடத்தில் வைத்தார். சட்டை சரியாக இருந்தது, காலர் மட்டும் உட்காரவில்லை. அதாவது, செய்திகள் எல்லாம் அடங்கின. மேலே இருந்த 'முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பு இன்று' என்ற தலைப்பு அடங்கவில்லை. அவசரம் காலரை வெட்டி எறிந்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடினார்.

மறுநாள் காலை பழசு பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி கூடத்திலிருந்து வாசித்தாள்.

"என்னங்க, செங்கல் சூளைத் தெரு முனையில மூடியில்லாத சாக்கடைப் பள்ளத்துல ஒரு பொண்ணு விழுந்துடுச்சாம். ஏழு வயசாம். வலது காலு ஒடஞ்சுபோச்சாம். தையல்காரர் மகளாம், பாவம்."

பழசுக்கு வாயிலிருந்த நுரை வாயிலேயே நின்றது. அந்தச் செய்தியை முந்தின நாள்தான் அவர் கையால் நகல் எடுத்திருந்தார். பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். நாலு செய்திகளும் இருந்தன. ஒரு வாரத்துக்குள் பள்ளத்துக்கு மூடி போடப்படும் என்று நகராட்சிப் பொறியாளர் உறுதி கூறியிருந்தார். மணிக்கூண்டுக் கடிகாரம் ஓடாதது பற்றி நகர மன்றத்தில் விவாதம் நடந்து, நேரம் போதாமையால் ஒத்திவைக்கப்பட்டிருந்தது. வெயில் அதிகமாக இருப்பதால் பொதுமக்கள் நிழலில் நடக்க வேண்டும் என்று நகராட்சி ஆணையர் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக ஒரு கிளி காணாமல் போயிருந்தது, 'யார் அங்கே?' என்று கேட்கும் என்று அடையாளம் சொல்லியிருந்தார்கள்.

"இது பழைய செய்திடி" என்றார் பழசு.

"எதை வெச்சுச் சொல்றீங்க?" என்று கேட்டாள் மனைவி. "அந்தப் பள்ளம் இன்னும் அங்கதான இருக்கு?"

பழசு வாயைக் கொப்பளித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். வழியெல்லாம் மனசுக்குள் விளம்பரப் பிரிவு ஏசி மாட்டிக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் யாரும் எதையும் கவனிக்கவில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. தொலைபேசி மட்டும் ஓயவில்லை. பத்து மணிக்குள் ஐந்து பேர் கிளியைப் பிடித்துவிட்டார்கள். அதில் ஒன்று புறா என்பது பிறகு தெரிந்தது. ஆனால் பேசும் என்று பிடித்தவர் சத்தியம் செய்தார்.

பத்தரைக்கு அரசு மருத்துவமனையிலிருந்து அறிக்கை வந்தது. செய்தியில் குறிப்பிடப்பட்ட சிறுமிக்கு உடனடியாக உயர்தரச் சிகிச்சை அளிக்கப்பட்டதாகவும், அவர் பூரண குணமடைந்து, மருத்துவர்களுக்கு நன்றி கூறி, நடந்தே வீடு திரும்பியதாகவும் அதில் இருந்தது. பதினொரு மணிக்குக் காவல் நிலையம் கூப்பிட்டு, புகார் வாங்க மறுத்ததாகச் சொல்வது தவறு, விசாரணை முடியும் நிலையில் இருக்கிறது என்றது. புகார் வாங்க மறுத்ததாக யாரும் சொல்லியிருக்கவில்லை. பதினொன்றரைக்கு நகர மன்றத் தலைவரே பேசினார். அவர் குரலில் உண்மையான கவலை இருந்தது.

"கடிகார விவாதம் அடுத்த திங்கக்கிழமைதானே வருது. நடக்கறதுக்கு முன்னாடியே ஒத்திவைச்சதை எப்படிப் போட்டீங்க? யாரு உங்களுக்கு முடிவைச் சொன்னது?"

பழசுக்கு இனித் தாங்காது என்று ஆகிவிட்டது. முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய தொகுப்பைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்குள் போனார். தொகுப்பை விரித்து வைத்தார். பக்கத்தில் அன்றைய இதழை வைத்தார். ஆசிரியர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"எழுத்து ஒண்ணு கூட மாறலையே" என்றார்.

"மாறினது தாளோட நிறம் மட்டும்தான் சார்."

"இப்பவே திருத்தம் போட்டுடுவோம். அதுக்கு முன்னாடி ஆணையர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடணும். அவரு வேற மறுப்பு தயார் பண்ணிட்டிருப்பாரு. நீரும் வாரும். கேட்டா நீர்தான் பதில் சொல்லணும்."

ஆணையர் அலுவலகத்தில், முந்தின நாள் நடந்ததாக எல்லோரும் நம்பிய விபத்து குறித்து அவசரக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆணையர் பெரிய மேசைக்குப் பின்னால் இருந்தார். அவருக்கு வலது பக்கம் பொறியாளர், அவர் மடியில் ஒரு பருத்த கோப்பு. பழசு நின்றபடியே நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்ததும் மன்னிப்புக் கேட்கத் தோதாக அவர் கைகளைக் கட்டிக்கொண்டார்.

ஆணையர் ஆசிரியரைப் பார்த்தார். "திருத்தம் எல்லாம் வேண்டாம்."

"அது பழைய செய்தியாச்சே சார்."

"அதனாலதான் சொல்றேன். பழைய செய்தின்னு போட்டீங்கன்னா, ஒரு வாரத்துல மூடி போடறோம்னு நாங்க சொல்லி முப்பத்தெட்டு வருஷம் ஆயிடுச்சுன்னு ஆகும். புதுசாவே இருந்தா எங்களுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு."

ஆசிரியர் தலையை ஆட்டினார். அவருக்கு அது நியாயமாகப் பட்டதா, வேறு வழி தெரியவில்லையா என்று பழசால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்போ இந்த ஆறு நாளுக்குள்ள மூடி போட்டுடலாமே சார்" என்றார் பழசு. ஏன் வாயைத் திறந்தோம் என்று உடனே தோன்றியது.

பொறியாளர் கோப்பைப் புரட்டினார். "அங்கதான் சிக்கல். கோப்புப்படி அந்த இடத்துல ஏற்கெனவே நாலு மூடி இருக்கு. ஒண்ணு மேல ஒண்ணா. அஞ்சாவது போட்டா தணிக்கையில கேப்பாங்க."

"நாலு மூடி இருந்தா பள்ளம் எப்படிங்க திறந்திருக்கு?"

"பள்ளம் கோப்புல இல்லை" என்றார் பொறியாளர். பொறுமையான மனிதர், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "மூடி மட்டும்தான் இருக்கு."

மூடியும் போட முடியாது, சும்மா இருக்கவும் முடியாது என்ற நிலையில் ஒரு விழா எடுப்பது என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை காலை, அதே தெரு முனையில், 'பாதுகாப்பான பாதை' தொடக்க விழா. குணமடைந்த சிறுமிக்கு ஆணையர் ஒரு பொம்மை வழங்குவார். சிறுமியை யார் கொண்டுவருவது என்ற கேள்வி எழுந்தபோது எல்லோரும் பழசைப் பார்த்தார்கள்.

"செய்தி போட்டது நீங்க. பொண்ணையும் நீங்கதானே காட்டணும்" என்றார் ஆணையர்.

வெளியே வந்ததும் ஆசிரியர் தணிந்த குரலில் சொன்னார். "அந்தப் பொண்ணு கிடைச்சா உம்ம அறை உமக்கு. இல்லைன்னா விளம்பரக்காரங்களைத் தடுக்க என்னால ஆகாது. பாத்துக்கோரும்."

ஏழு வயதுச் சிறுமியை முப்பத்தெட்டு வருடம் கழித்து எங்கே போய்த் தேடுவது? பழசு நேரே செங்கல் சூளைத் தெருவுக்கு நடந்தார். அங்கே செங்கலும் இல்லை, சூளையும் இல்லை. முனையில் பள்ளம் இருந்தது. அதற்குள் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தலைகீழாகச் செருகி, ஒரு காலில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் கைபேசியில் பேசிக்கொண்டே, பள்ளத்தைப் பார்க்காமலே வளைத்துக்கொண்டு போனார். தெருவுக்கே அந்த வளைவு மனப்பாடம்.

பள்ளத்துக்கு நேர் எதிரே தையல் கடை. உள்ளே நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி கழுத்தில் அளவு நாடா தொங்க, மெஷினில் கால்சட்டை ஒன்றின் அடியை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். இடது காலால் மட்டும் மிதித்தாள்.

"இந்தத் தெருவுல முன்னாடி ஒரு தையல்காரர் இருந்தாராம்மா? ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி?"

"எங்கப்பாதான். தவறிட்டாரு. என்ன விஷயம்ணே?"

"அவருக்கு ஒரு பொண்ணு..."

அவள் மெஷினை நிறுத்தினாள். "பேப்பர்லேருந்து வர்றீங்களா? அந்தப் பொண்ணு நான்தான்."

பழசு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் எழுந்து தண்ணீர் கொண்டுவந்தாள். வலது காலை லேசாக இழுத்துத்தான் நடந்தாள்.

"காலையில படிச்சதும் ஒரு நிமிஷம் எனக்கே காலு வலிச்சுது. அப்புறம் யோசிச்சேன், சரி, வேற எந்தத் தையல்காரர் பொண்ணோ விழுந்திருக்குன்னு. எட்டிப் பாத்தேன். உள்ள நாற்காலிதான் இருந்துச்சு."

பழசு நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். நாலு மூடி விவகாரத்தைச் சொன்னபோது அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மெஷின் மேசையின் இழுப்பறையைத் திறந்து காட்டினாள். பாதி நூல்கண்டுகள், மீதி பஞ்சும், கட்டுத்துணியும், மருந்துப் புட்டியும்.

"விழறவங்க நேரா இங்கதான் வருவாங்க. எதிர்க்க இருக்கேன் இல்ல. எனக்கப்புறம் இதுவரைக்கும் இருபத்திமூணு பேரு. எங்கப்பா சாகற வரைக்கும் மாசம் ஒரு மனு எழுதினாரு. நான் மனுவை விட்டுட்டு, கட்டுப் போடக் கத்துக்கிட்டேன்."

"வெள்ளிக்கிழமை வருவீங்களாம்மா? உங்களுக்குப் பொம்மை தர்றாங்களாம்."

"பொம்மை எதுக்குண்ணே எனக்கு? மூடி தருவாங்களான்னு கேளுங்க." இழுப்பறையை மூடினாள். "சரி, வர்றேன். அவங்க மூஞ்சிக்கு நேரா ஒரு தடவையாவது கேக்கணும்."

வெள்ளிக்கிழமை தெரு முனை அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. துணிப்பந்தல், மேடை, மூங்கிலில் கட்டிய ஒலிபெருக்கி. நாற்காலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, காரிலிருந்து மேடை வரை சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். கம்பளம் பள்ளத்தின் மேலேயே போயிற்று. மேடையருகே இரண்டு செங்கல்மேல் ஒரு கருங்கல் கல்வெட்டு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நாலடிக்கு மூன்றடி, ஆணையர் பெயர் அவர் பட்டங்களோடு மேலே, பொறியாளர் பெயர் கீழே.

பழசு தையல்காரியை அழைத்துக்கொண்டு போனபோது மேடையில் ஏற்கெனவே ஒரு சிறுமி பொம்மையோடு உட்கார்ந்திருந்தாள். சுகாதார அதிகாரியின் மகள். எதற்கும் இருக்கட்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். இடது காலில் பெரிய கட்டு. செய்தியில் வலது கால் என்று யாரோ ஞாபகப்படுத்த, அதிகாரி கட்டை அவிழ்த்து அடுத்த காலுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

பொறியாளர் கோப்போடு வந்தார். "நீங்க பொண்ணோட அம்மாவா?"

"நான்தாங்க பொண்ணு."

"வயசு ஏழுன்னு போட்டிருக்கு."

"அப்போ ஏழு."

பொறியாளர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "முப்பத்தெட்டு வருஷம் தாமதமா வந்திருக்கீங்க. தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுக்கணும்."

"காலு ஒடஞ்சிருந்துச்சுங்க. மெதுவா நடந்து வந்தேன்."

பொறியாளர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அப்போது ஆணையரின் கார் வந்தது. கதவு திறந்தது. ஆணையர் கம்பளத்தில் காலை வைத்து, கைகூப்பியபடி நடந்தார். பள்ளம் இருந்த இடத்துக்கு வந்ததும் கம்பளத்தை விட்டு இரண்டடி இடப்பக்கம் இறங்கி, நாலடி நடந்து, மறுபடி கம்பளத்தில் ஏறினார். பின்னால் வந்த நகர மன்றத் தலைவரும் அதே இடத்தில் இறங்கி ஏறினார். மருத்துவமனைக் கண்காணிப்பாளர், காவல் அதிகாரி, எல்லோரும் கயிறு பிடித்த மாதிரி அந்த இடத்தில் வளைந்தார்கள்.

"கோப்புல இல்லாத பள்ளத்தை எவ்வளவு பதமா சுத்தி வர்றாங்க பாத்தீங்களாண்ணே" என்றாள் தையல்காரி.

ஆணையர் நன்றாகப் பேசக்கூடியவர். "நமது நகராட்சியைப் பற்றி ஒரு குறை சொல்கிறார்கள். நாங்கள் செயல்படுவதில்லையாம். நான் கேட்கிறேன், செய்தி வந்த மூன்றே நாளில் இவ்வளவு பெரிய மேடையைப் போட்டது யார்? இந்தக் கம்பளத்தை விரித்தது யார்? பள்ளம் என்பது ஒரு பார்வைக் கோளாறு. கீழே பார்த்து நடக்கிறவனுக்குத்தான் பள்ளம் தெரியும். நான் பதவி ஏற்ற நாளிலிருந்து கீழே பார்த்ததே இல்லை. எனக்கு முன்பிருந்த பதினோரு ஆணையர்களும் இந்தப் பிரச்சினையை எந்த நிலையில் என்னிடம் ஒப்படைத்தார்களோ, அதே நிலையில், ஒரு சேதமும் இல்லாமல், அடுத்தவரிடம் ஒப்படைப்பேன் என்று உறுதி கூறுகிறேன்."

முன்வரிசை கைதட்டியது. முன்வரிசை முழுக்க நகராட்சி ஊழியர்கள்.

சிறுமியைப் படம் பிடித்து முடித்ததும் தையல்காரியையும் மேடைக்கு அழைத்தார்கள். அவளை என்ன செய்வது என்று சற்றுக் குழப்பம் இருந்தது. கடைசியில் மருத்துவமனைக் கண்காணிப்பாளர், முன்பே அச்சடித்து வைத்திருந்த 'பூரண குணமடைந்தார்' என்ற சான்றிதழை அவள் கையில் கொடுத்தார். அதை வாங்க அவள் ஏழு படிகள் காலை இழுத்து இழுத்து ஏறினாள். ஏறி முடிக்கும்வரை கைதட்டினார்கள்.

அவள் மைக்கின் பக்கம் திரும்பினாள். 

"குணமாயிட்டேன்னு எழுத்துல கொடுத்ததுக்கு நன்றிங்க. மூடி எப்ப போடுவீங்க?"

ஆணையர் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் நாலு விரலைக் காட்டினார்.

"ஏற்கெனவே நாலு போட்டாச்சும்மா" என்றார் ஆணையர், கனிவாக. அதோடு நாட்டுக்குச் செய்ய வேண்டியது முடிந்தது. மைக்கை அணைத்தார்கள்.

பன்னிரண்டு மணிக்குள் கார்கள் போய்விட்டன. கம்பளத்தைச் சுருட்டி எடுத்துப் போனார்கள். பள்ளம் மறுபடி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. கல்வெட்டு மட்டும் செங்கல்மேல் அப்படியே நின்றது. அதற்குப் பீடம் கட்ட இன்னும் அனுமதி வரவில்லையாம். அதுவரை அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

பழசுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. தன் அறையைக் காப்பாற்றிக்கொள்ளத்தானே இவளைக் கூட்டிவந்தோம் என்று உறுத்தியது. "என்னை மன்னிச்சுக்கம்மா" என்றார்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. கல்வெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கழுத்திலிருந்த நாடாவை எடுத்து, குனிந்து, கல்லின் நீளம் பார்த்தாள், அகலம் பார்த்தாள். பள்ளத்தருகே போய் மண்டியிட முடியாமல் ஒரு பக்கமாக உட்கார்ந்து அதையும் அளந்தாள்.

"எல்லாப் பக்கமும் நாலு விரக்கடை அதிகம் இருக்கு" என்றாள். "தையலுக்கு விட்ட மாதிரி."

முதலில் பழசுக்குப் புரியவில்லை. பக்கத்துக் கடை வெல்டருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அவர் உள்ளே போய் நாலு இரும்புக் குழாய்களோடு வந்தார். மளிகைக்காரர் கடையைப் பாதி மூடிவிட்டு இறங்கினார். பணி முடிந்து வந்த நடத்துனர் ஒருவர் பையைக் கழற்றி வைத்தார். பழசுக்கு ஒரு கணம் தயக்கம். இது நகராட்சிச் சொத்து, தான் பத்திரிகை ஊழியர், நாளைக்கு யாராவது கேட்டால்? பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரும் ஒரு மூலையைப் பிடித்தார். இத்தனை வருடமாகத் தொகுப்புகளைத் தூக்கிப் பழகிய கை.

குழாய்கள் மேல் கல்லை உருட்டிக்கொண்டு போனபின் ஒரு சின்ன வாக்குவாதம் வந்தது. எழுத்து கீழே இருக்கட்டும், மரியாதை என்று மளிகைக்காரர் சொன்னார்.

"வேணாங்க, மேலயே இருக்கட்டும்" என்றாள் தையல்காரி. "மழை பேஞ்சா வழுக்காது."

கல் 'தொம்' என்று உட்கார்ந்தது.

சனிக்கிழமை பத்திரிகையில் பழசு இரண்டு சின்னச் செய்திகள் எழுதினார். ஒன்று, செவ்வாய்க்கிழமை எடுத்துக் கொடுத்து மறுநாள் வெளிவந்த செய்திகள் முப்பத்தெட்டு ஆண்டு பழையவை, தவறுக்கு வருந்துகிறோம் என்ற திருத்தம். மற்றது, பள்ளம் மூடப்பட்டது என்ற தகவல். ஆசிரியர் நெடுநேரம் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன ஆனாலும் ஆகட்டும், போடும்" என்றார். எதுவும் ஆகவில்லை. நகராட்சியிடமிருந்து ஒரு கடிதம் மட்டும் வந்தது. ஒரு வாரத்துக்குள் என்று கொடுத்த வாக்கை நாலே நாளில் நிறைவேற்றியதைப் பத்திரிகை போதிய அளவு பாராட்டவில்லை என்று அதில் வருத்தம் தெரிவித்திருந்தார்கள். பழசின் அறை பழசிடமே இருந்தது. அவருடைய பகுதிக்கு இப்போது தலைப்பு இரண்டு மடங்கு பெரிது.

பொறியியல் பிரிவில்தான் கொஞ்சம் விவாதம் நடந்தது. கல்லை எடுக்கலாம் என்றால் கீழே பள்ளம் இருப்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். விடலாம் என்றால் ஆணையர் பெயரை ஊரே மிதிக்கிறது. ஆழ்ந்து யோசித்து ஒரு சுற்றறிக்கை விட்டார்கள்: நகராட்சி ஊழியர் எவரும் அந்தக் கல்லை மிதிக்கக் கூடாது, மரியாதையுடன் சுற்றிச் செல்ல வேண்டும்.

பத்து நாள் கழித்துப் பழசு, ஒரு கால்சட்டைக்கு அடி மடிக்க அந்தத் தெருவுக்குப் போனார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கல்மேல் நேராக நடந்து போனார்கள். எதிர்ப் பக்கமிருந்து பொறியாளர் வந்தார். கல்லருகே வந்ததும் இரண்டடி ஒதுங்கி, நாலடி நடந்து, மறுபடி பாதைக்கு ஏறிப் போனார்.

தையல்காரி கடையிலிருந்து இறங்கிவந்து கல்லின் நட்டநடுவில் இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டு பழசின் துணியை வாங்கினாள்.

"யாரு மேல நிக்கறேன்ணே? எனக்கு இங்கேருந்து படிக்க முடியலை."

பழசு குனிந்து பார்த்தார். "பொறியாளர் மேல."

அவள் வலது காலை மெல்லத் தூக்கி ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.

"கெட்டியாத்தான் இருக்காரு" என்றாள்.